மூணாவது குழுவின் பாதாளக் குரல்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். எடை பார்த்தேன்: அறுபத்தொன்று புள்ளி நான்கு. கடைகளிலும் மருந்தகங்களிலும் இருக்கும் எடைக்கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. வீட்டில் இருப்பதையும் நானே சரிபார்த்திருக்கிறேன் என்பதால் நம்பலாம். பால் காய்ச்சினேன். இரண்டு ரொட்டித் துண்டுகளை வாட்டினேன். ஒன்று கருகியது. கருகியதை முதலில் தின்றேன். சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்டேன். முதுகை யார் பார்க்கப் போகிறார்கள். ஷூவைத் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிவரை செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் இன்னொரு முறை துடைத்தேன்.

ஏழு நாற்பதுக்குப் பல் டாக்டர் போன் செய்தார்.

"மாப்ள! உடைஞ்சிடுச்சு!"

"என்ன உடைஞ்சிடுச்சு?"

"பல்லு! கடவாய்ப்பல்லு! ரெண்டா பொளந்திருக்காம்!" லாட்டரி விழுந்தவர் குரல்.

"யாருக்கு?"

"நாலுகம்பிக்கு!"

நாலுகம்பி என்பது நாங்கள் வைத்த பெயர். நான்கே கம்பியுள்ள பேஸ் கிட்டாரை வாசிக்கும் எழுபத்து நான்கு வயதுக்காரர். இருபத்தைந்து வயதில் ஒரு ராக் குழுவில் வாசித்தார். அந்தக் குழுவை உலகத்துக்கே தெரியும். அதன் ஒரு பாட்டை இன்றும் லிஃப்டுக்குள் கேட்கலாம். புகழ் உச்சியில் இருந்தபோது சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு நான்கு குழுக்கள் தொடங்கினார். அந்த நான்கையும் யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். நாங்கள் என்றால் நான்கு பேர். எட்டு மாதம் முன்புவரை ஐந்து.

அன்று மாலை அவருடைய ஐந்தாவது குழு எங்கள் ஊரில் வாசிப்பதாக இருந்தது. முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தோம். அவரைச் சந்திப்போம் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. காலையில் ஓட்டலில் எதையோ கடித்திருக்கிறார். அரங்க மேலாளர் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் பல் டாக்டரைத் தேடி ஊரெல்லாம் போன் போட்டிருக்கிறார். எடுத்தவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கிளினிக்கின் காத்திருப்பு அறைதான் எங்கள் சங்கம்.

"மாப்ள, தங்கச்சியோட அந்த ரெக்கார்டை எடுத்துட்டு வா. அதுல கையெழுத்து வாங்கணும். மறந்துட்டேன்னு வந்து நின்னே, மரமரப்பு ஊசி போடாம உன் பல்லைப் புடுங்கிடுவேன்."

டாக்டர் என் மனைவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த வகையில் நான் மாப்பிள்ளை.

மறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சங்கத்தில் இன்னொருவரான நூலகர் இரண்டு முறை போன் செய்து நினைவூட்டினார். நான்காவது ஆளான டிரைவர் அக்கா இன்னும் ஒரு படி மேலே போய் நேராக வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். நகரப் பேருந்து ஓட்டுபவர். எதற்கும் காத்திருக்கத் தெரியாது.

"கிராம், ரெக்கார்டு எங்க?"

கிராம் என்பது நான்.

"உள்ள இருக்குக்கா."

"உள்ள இருந்தா அது தானா நடந்து வருமா? எடு."

எடுத்தேன்.

அதை அங்கே எடுத்துப்போக நான் பயப்படக் காரணம் இருந்தது. அதற்கு மூணாவது குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சங்கத்தில் முதல் குழுவின் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னவர் அன்று எல்லோருடைய டம்ளரையும் கழுவ வேண்டும். பெரும்பாலும் டாக்டர்தான் கழுவுவார். ரெண்டாவது குழுவில் இரண்டு டிரம்மர்கள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது. ஒரு பஸ்ஸை இரண்டு பேர் ஓட்டும்போது நடுவில் நின்று நாலுகம்பி ஒருவர்தான் பயணிகளைக் காப்பாற்றுகிறார் என்று டிரைவர் அக்கா சொல்வார். நாலாவது குழு தண்ணீர் இல்லாத நீச்சல் குளத்துக்குள் உட்கார்ந்து பதிவு செய்தது. அதை டாக்டர் நோயாளிகளின் வாய்க்குள் கருவி ஓடும்போது போடுவார். நோயாளிகள் ஆட்சேபிக்க முடியாது. ஐந்தாவதில் அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் முப்பது வயதுக்குள்.

மூணாவதுதான் எல்லோருக்கும் உயிர். ஒரே ஒரு இசைத்தட்டு. நான்கு பாட்டு. மொத்தம் இருநூறு பிரதி. உறையில் ஒரு செருப்பின் படம் மட்டும். யார் பெயரும் இல்லை, எதுவும் இல்லை. மூடப்போகிற ஒரு கடையில் பழைய திரைச்சீலைக் குவியலுக்கு அடியில் அதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. அதை ஓடவிட்டு, பதிவு செய்து, எல்லோருடைய போனுக்கும் அனுப்பியவளும் அவள்தான். அதுவரை மூணாவது குழு என்பது ஒரு வதந்தி. அதற்குப் பிறகு அவள் சொன்னால் சங்கத்தில் மறுபேச்சு இல்லை.

அந்தப் பாட்டுகள் பாறையை இழுத்துக்கொண்டு போவது போல நகரும். அதில் பாடுபவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். யார் என்று தெரியாது. பாதாளம் என்று பெயர் வைத்தார்கள். நூலகர் அந்தக் குரலைப் பற்றிச் சங்கத்தின் இதழில் பதினான்கு பக்கம் எழுதினார். பாடியவர் சுரங்கத் தொழிலாளி, ஐம்பது வயதுக்கு மேல், புகைப்பிடிப்பவர், மனைவி விட்டுப் போயிருக்க வேண்டும் என்று ஆதாரங்களோடு நிறுவியிருந்தார். "அந்த ஆளு என்ன பாடு பட்டானோ" என்று டிரைவர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு முதலில் பேஸ் கேட்கவே கேட்காது. கல்யாணமான முதல் வருடம் அதை ஃப்ரிட்ஜ் சத்தம் என்று நினைத்திருந்தேன். "அது நிக்கறப்ப கேளு" என்றாள் அவள். ஃப்ரிட்ஜ் நிற்கும்போதுதான் அது ஓடிக்கொண்டிருந்தது தெரியும். நாலுகம்பியும் அப்படித்தான். ஓர் இடத்தில் வாசிக்காமல் விடுவார். காலுக்குக் கீழே தரை இல்லாதது அப்போதுதான் தெரியும். ஊருக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று வரைபடம் வரைவது அவள் வேலை. இதெல்லாம் அவளுக்குச் சுலபமாகக் கேட்கும்.

எட்டு மாதம் முன்பு, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், ரெக்கார்டு பிளேயரின் ஊசி தட்டை அதிகமாக அழுத்துகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். "உன் படிக்கல்லையெல்லாம் எடுத்துட்டு வாடா" என்றாள். எடை போட்டேன். ஒன்று புள்ளி எட்டு கிராம். சரியாகத்தான் இருந்தது. கையை எடுக்கும்போது முழங்கை ஒரு பொத்தானில் பட்டது. தட்டு வேகமாகச் சுற்றியது.

ஒரு பெண் பாடினாள். இளம் பெண். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருகிற உற்சாகத்தில்.

நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று ஓட வேண்டிய தட்டை முப்பத்து மூன்றில் ஓட்டிப் பதிவு செய்திருக்கிறாள் என் மனைவி. இரண்டரை வருடமாக எல்லோரும் அதைத்தான் கேட்டு உருகிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயையோ, பாதாளம் பொண்ணுடா!" என்றாள். தரையில் உட்கார்ந்தாள். பிறகு படுத்துவிட்டாள். "பதினாலு பக்கம் எழுதியிருக்காரேடா மனுஷன்!" விக்கல் வரும்வரை சிரித்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கும்போது சுரங்கத் தொழிலாளி நினைவுக்கு வந்து தண்ணீரை என்மேல் துப்பினாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஸ்கூட்டரில் வேலைக்குப் போனாள். நாற்சந்தியில் ஒரு லாரி. அவ்வளவுதான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், மூணாவது குழுவைக் கண்டெடுத்துக் கொடுத்தவள் போய், வேகம்கூடத் தெரியாமல் எல்லோரையும் முட்டாளாக்கியவள் என்று ஆகிவிடுவாள். இப்போது அவளைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த மூன்று பேர்தான். என் வீட்டார் அவள் பேச்சை எடுத்தால் குரலைத் தாழ்த்துகிறார்கள். இவர்கள் அவளைத் திட்டுவதுகூட உரக்கத்தான். இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது என்று ஒரு விஷயம் மிச்சமிருந்தது. சொன்னால் அதுவும் போகும்.

இப்போது அந்தத் தட்டோடு, அதை வாசித்தவரிடமே போய்க்கொண்டிருந்தேன்.

நாலுகம்பி வந்தபோது நாங்கள் நான்கு பேரும் வாசலில் வரிசையாக நின்றோம். கம்பளித் தொப்பி, முழங்கால்வரை கறுப்புக் கோட்டு, இடது கன்னத்தில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம்.

"இவ்ளோ ஒல்லியா இருக்காரே, கிட்டாரை எப்படித் தூக்குறாரு?" என்று டிரைவர் அக்கா என் காதில் கேட்டார். ரகசியம் பேசுவதாக அவருக்கு நினைப்பு. பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்டுப் பழகிய குரல்.

"தூக்குறது இல்லம்மா. அதைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கறேன்" என்றார் நாலுகம்பி.

நாற்காலியில் படுக்கவைத்தார்கள். டாக்டர் ஊசியின் மூடியைக் கழற்றாமலே கிட்டே கொண்டுபோனார். நாலுகம்பி அதைப் பார்த்தார்.

"நீங்க நல்ல டாக்டர்தானே?"

"ஐயா, உங்க நாலு குழுவும் எனக்கு மனப்பாடம்."

"நான் பல்லைப் பத்திக் கேட்டேன்." பிறகு, "நாலா? அஞ்சு இல்ல?"

நூலகர் ஓர் அடி முன்னால் வந்து, "முதல்ல உள்ளதை நாங்க எண்ணுறதில்லைங்க" என்றார்.

வீங்கிய கன்னத்தோடு எவ்வளவு சிரிக்க முடியுமோ அவ்வளவு சிரித்தார். "நானும் எண்ணுறதில்ல."

இரண்டு ஊசி. பஞ்சு. எச்சில் உறிஞ்சும் குழாய். வாய் அகலத் திறந்திருந்தது. அதனால் அவரால் பேச முடியாது. டாக்டர் எங்களைப் பார்த்துக் கண் காட்டினார். இதற்காகவே காத்திருந்தவர்கள்போல நூலகர் போனை எடுத்துக் காத்திருப்பு அறை ஸ்பீக்கரில் இணைத்தார்.

"ஐயா, உங்களுக்கு ஒரு ஆச்சரியம்" என்றார். "மூணாவது."

பாறை நகர ஆரம்பித்தது. கிணற்றுக்குள்ளிருந்து பாதாளம் பாடினார்.

டிரைவர் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நூலகர் தரையைப் பார்த்துத் தலையசைத்தார். டாக்டர் தாளத்துக்கு ஏற்றபடி பல்லைக் குடைந்தார். நான் நாலுகம்பியின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு புருவம் மெல்ல ஏறியது. வலது கை எழுந்தது.

"வலிக்குதா ஐயா?"

இல்லை என்று தலையாட்டினார். ஆள்காட்டி விரலை வட்டமாகச் சுற்றினார்.

"திரும்பப் போடச் சொல்றாரு!" என்றார் டிரைவர் அக்கா.

திரும்பப் போட்டார்கள். விரல் இன்னும் வேகமாகச் சுற்றியது.

"சத்தத்தைக் கூட்டச் சொல்றார்" என்றார் நூலகர். கூட்டினார். மீன்தொட்டியில் தண்ணீர் அதிர்ந்தது. நாலுகம்பி இரண்டு கைகளாலும் சுற்றினார். நீச்சல் அடிப்பவர்போல இருந்தது. தொண்டைக்குள்ளிருந்து ஏதோ ஒலி வந்தது.

"அழுறாரு பாவம்" என்றார் டிரைவர் அக்கா. அவரும் அழுதார்.

கடைசியில் நாலுகம்பி எழுதுவதுபோல் சைகை செய்தார். டாக்டர் ஒரு மருந்துச்சீட்டையும் பேனாவையும் கொடுத்தார். படுத்தபடியே பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டினார்.

45.

"நாப்பத்தஞ்சா?" டாக்டர் குழம்பினார். "பல்லே மொத்தம் முப்பத்திரண்டுதான் ஐயா!"

"பதிவு செஞ்ச வருஷமா இருக்குமோ?" என்றார் நூலகர். "இல்ல, அப்ப இவர் பிறக்கவே இல்லையே."

"நாப்பத்தஞ்சாம் நம்பர் பஸ்ஸைக் கேக்குறாரோ? சார், ஞாயித்துக்கிழமை அது ஓடாது. எங்க போகணும் சொல்லுங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

நாலுகம்பி கண்ணை மூடித் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒருவன்தான் எதுவும் கேட்காமல் நின்றேன். அதனால் இருக்கலாம். சீட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் பஞ்சை எடுப்பார்கள். அவர் வாய் பேசும். "எந்த முட்டாள் இதைப் பதிவு பண்ணினது?" என்பார். அவள் முட்டாள் இல்லை. தப்பு செய்தாள், ஆனால் அதை முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். அதற்காகத் தரையில் உருண்டு சிரித்ததும் அவள்தான். நான் வாயைத் திறக்காவிட்டால் அந்தச் சிரிப்பு நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

"பாட்டை நிறுத்துங்க" என்றேன்.

நிறுத்தினார்கள்.

"தட்டு நாப்பத்தஞ்சுல ஓடணும். அவ முப்பத்து மூணுல ஓட்டிட்டா. அதனால மெதுவா இருக்கு. அது ஆம்பளக் குரல் இல்ல. பொண்ணு பாடுது. போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கண்டுபிடிச்சா. ரொம்ப சிரிச்சா."

சொல்லி முடித்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. எச்சில் குழாய் மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"சுரங்கம்...?" என்றார் நூலகர்.

"இல்ல சார்."

"புகை பிடிக்கிறவர்னு அடிக்குறிப்பெல்லாம் போட்டேனே தம்பி."

டாக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டு உருளும் ஸ்டூலில் உட்கார்ந்தார். டிரைவர் அக்கா என்னையே முறைத்தார். "நான் அந்த ஆளுக்காக அழுதேனே, அது யார் கணக்கு?"

நாலுகம்பி தன் கையாலேயே குழாயையும் பஞ்சையும் பிடுங்கிப் போட்டார். எழுந்து உட்கார்ந்தார். பாதி உதடு மரத்துப்போயிருந்தது.

"அது என் மத்தினி."

"யாருங்க?"

"மத்தினி! ம... ச்... சினி! பொண்டாட்டியோட தங்கத்தி!" வாயின் ஓரத்தில் எச்சில் ஒழுகியது. "இருபத்திரண்டு வயசு அப்போ. வீட்டுக்கு வந்திருந்தா. பாடுறவன் ஓடிட்டான். இவளை நிக்க வெச்சோம். இப்ப ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டயர் ஆயிட்டா."

பாதாளம் ஒரு தலைமையாசிரியை. நூலகர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் வெடித்தது டிரைவர் அக்கா. "யோவ் டாக்டர்! மச்சினிக்கா நான் டிப்போவுல உக்காந்து மூக்கு சிந்தினேன்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். டாக்டருக்கு ஸ்டூல் நழுவியது. "சார், உங்க சுரங்கத் தொழிலாளி ஸ்கூல் மணி அடிச்சிருக்காங்க சார்!" என்று தரையில் இருந்தபடியே நூலகரைப் பார்த்துக் கத்தினார். நூலகர் மிகவும் மரியாதையானவர். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். பிறகு போனில் வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். குரல் மாறவில்லை. அதே கிணற்றுக் குரல், அவசரமாக. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பூதம். அதற்கு இன்னொரு சுற்று சிரித்தார்கள்.

நாலுகம்பி மட்டும் கையைத் தூக்கினார்.

"பழையபடி போடுங்க. மெதுவா."

போட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடது கையின் விரல்கள் கோட்டின்மேல் அசைந்தன. முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்ப நாங்க ஏன் அவ்ளோ அவசரமா வாசிச்சோம்?" என்றார். "என்ன தலைபோற காரியம்?" விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்தார். முட்டிகள் வீங்கியிருந்தன. "இப்ப இந்த விரலுக்கு இதுதான் வேகம். எனக்கு இதை அனுப்புங்க. பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன். சாயங்காலம் இப்படியே வாசிப்போம்." பிறகு ஒரு விரலை உயர்த்தினார். "மத்தினிக்குத் தெரியக் கூடாது."

என் பையிலிருந்த உறையை வாங்கி, செருப்புப் படத்தின் குதிகாலில் கையெழுத்துப் போட்டார். "'அவ'ன்னு சொன்னது உங்க பொண்டாட்டியதானே, எங்க அவங்க? அவங்களும் சாயங்காலம் வருவாங்க இல்ல?" என்று கேட்டார்.

யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நூலகர் கைக்குட்டையை மடித்தார். டிரைவர் அக்கா மீன்தொட்டியைப் பார்த்தார்.

"இல்லை" என்றேன். "எட்டு மாசம் ஆச்சு."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை.

டாக்டர் தரையிலிருந்து எழுந்து ஸ்டூலை நிமிர்த்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரித்ததால் வந்த தண்ணீர்தான். துடைத்து முடிக்க நேரமானது.

"எட்டு மாசம் மாப்ள. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அங்க உக்காந்து பாதாளத்தைக் கேட்டுட்டு டீ குடிச்சிட்டுப் போனே. ஒரு வார்த்தை சொல்லல. நாங்க கோவிச்சுக்குவோம்னு நெனச்சியா? தங்கச்சிதான் சொல்ல வேணாம்னாளா?"

"சொல்ல வேணாம்னுதான் சொன்னா."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை காலையில. கிளம்பும்போது."

"என்னன்னு சொன்னா? அப்படியே சொல்லு."

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குப் பல் சுத்தம் செய்ய எனக்கு இதே கிளினிக்கில் நேரம் கொடுத்திருந்தார் டாக்டர். நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். அவள் ஒரு கையில் சாவியும் ஒரு கையில் ஹெல்மெட்டுமாகக் கதவைக் காலால் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தின நாள் சிரிப்பு இன்னும் தீர்ந்திருக்கவில்லை. எனக்கு அவளைப்போலப் பேசிக் காட்ட வராது. அதனால் சொற்களை மட்டும் சொன்னேன்.

"இன்னிக்கு டாக்டர்கிட்ட போற இல்ல? அங்க போய் வாயத் திறந்துடாதடா. நீ சொன்னா ஜோக்கு செத்துடும். ஞாயித்துக்கிழம நான் வந்து சொல்லிக்கிறேன்."